மீட்ட கோழிக்கு முட்டையிலிருந்தும் விடுதலை வேண்டும்

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சிவப்பி செத்துப்போனாள். சிவப்பி ஒரு கோழி. லண்டன் புறநகரில் எங்கள் பின்வளவில் ஐந்து மாதம் வாழ்ந்தவள். இதெல்லாம் ஒரு செய்தித்தளத்தில் எழுதுகிற விசயமா என்று நீங்கள் கேட்கலாம். என் தம்பியும் அதைத்தான் கேட்டான். "அண்ணை, கோழி செத்ததுக்கும் கட்டுரையோ?"

அவள் வயது போய்ச் சாகவில்லை. நரி பிடித்தும் சாகவில்லை. முட்டையிட்டே செத்தாள். அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மவர் பலருடைய பின்வளவில் கோழிக்கூடு இருக்கிறது. கொரோனா காலத்தில் தொடங்கியவர்கள் பலர். பிள்ளைகள் கேட்டு வாங்கியவர்கள் பலர். "பண்ணையில இருந்து மீட்டது" என்று பெருமையாகவும் சொல்கிறோம். மீட்பது என்றால் என்ன என்பதில்தான் எனக்கு இப்போது வேறு கருத்து இருக்கிறது. கூண்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் மீட்பு முடிந்துவிடாது. அந்தக் கோழியின் உடம்புக்குள்ளேயே ஒரு பண்ணை தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த உதவாவிட்டால் நாம் மீட்டது பாதிதான்.

அடை தெரியாத கோழி

பிரித்தானியாவில் முட்டைப் பண்ணைக் கோழிகளை வழக்கமாக 72 கிழமை வயதளவில் கழித்துவிடுவார்கள். இப்போது சில பண்ணைகளில் 80, 90 கிழமை வரை வைத்திருக்கிறார்கள். முட்டை குறைந்து, ஓடு மெலிந்து போனதும் தீன் செலவுக்குக் கட்டாது என்று இறைச்சிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போகிற கோழிகளில் ஒரு பகுதியை எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கும் தொண்டு அமைப்புகள் இங்கு இருக்கின்றன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபெயார் ட்ரஸ்ட் மட்டுமே இதுவரை இலட்சக்கணக்கான கோழிகளுக்கு வீடு தேடிக் கொடுத்திருக்கிறது. நல்ல வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் மகள் கேட்டுத்தான் நான்கு கோழிகளைக் கொண்டுவந்தோம். பாதி இறகு இல்லாமல், வெளிறிய கொண்டையோடு, புல்லில் கால் வைக்கப் பயந்து நின்றன. அம்மா யன்னலால் பார்த்துவிட்டு, "பாவம், காய்ச்சல்காரர் மாதிரி நிக்குதுகள்" என்றார். சிவந்த இறகு கொஞ்சம் மிச்சமிருந்தவளுக்குச் சிவப்பி என்றும், கழுத்தில் ஒன்றும் இல்லாதவளுக்கு மொட்டச்சி என்றும் அவர்தான் பெயர் வைத்தார்.

ஒரு மாதத்தில் இறகு முளைத்தது. மண் குளித்தார்கள். நாளுக்கு மூன்று, நான்கு முட்டை. வேலை இடத்துக்கும் கோயில் ஆட்களுக்கும் பெட்டி பெட்டியாகக் கொடுத்தோம். எல்லாருக்கும் சந்தோசம். அம்மா மட்டும் ஒருநாள் கேட்டார்: "ஊர்க்கோழி எண்டால் பன்னிரண்டு, பதினைஞ்சு முட்டை இட்டிட்டு அடைக்குக் கிடக்கும். இதுகள் அடை கிடக்காதே?"

கிடக்காது அம்மா, இது வேற சாதிக்கோழி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்தக் கேள்வியில் எல்லாமே இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

நாம் வளர்க்கும் கோழிகளின் மூதாதை தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. அது வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி அதற்கு நெருங்கிய உறவு. அது ஓர் ஈட்டில் இடுவது இரண்டு முதல் நான்கு முட்டை. இட்டது போதும் என்றதும் அடை கிடக்கும், குஞ்சு வளர்க்கும், இறகு கொட்டிப் புதிதாக முளைக்கும். அந்தக் காலம் முழுக்க முட்டைப்பைக்கு ஓய்வு.

இன்றைய பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அடை கிடக்கும் குணம் முட்டை வியாபாரத்துக்கு நட்டம் என்பதால், தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து அந்தக் குணத்தையே பெரும்பாலும் இல்லாமல் செய்துவிட்டார்கள். நாம் கூண்டைத்தான் கொடுமை என்று பார்க்கிறோம். ஓய்வெடுக்கத் தெரியாத உடம்பாக அவளை ஆக்கியது அதைவிடப் பெரிய கொடுமை. கூண்டை ஒருநாளில் திறந்துவிடலாம். அந்த உடம்பு சாகும் வரை அவளோடுதான்.

உடம்புக்குள் நடப்பது

ஒரு முட்டை உருவாகச் சுமார் 24 முதல் 26 மணித்தியாலம் ஆகும். அதில் ஓடு கட்டுவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 மணித்தியாலம். ஒரு முட்டை ஓட்டில் கிட்டத்தட்ட இரண்டு கிராம் கல்சியம் இருக்கிறது. தீனில் போதாவிட்டால் அவள் அதைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். டென்மார்க்கில் 4,794 முட்டைக் கோழிகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வில் சுமார் 85 சதவீதமானவற்றுக்கு நெஞ்செலும்பு முறிந்திருந்தது. சிறிய உடம்பில் பெரிய முட்டை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எலும்போடு முடியவில்லை. முட்டைக் கோழிகளின் பெரிய வருத்தம் முட்டை உறுப்புகளில்தான். முட்டை இடையில் சிக்கி வெளியே வராமல் நிற்கும். முட்டைக்குழாய் வெளியே தள்ளிவரும். குழாயில் கிருமி தொற்றிச் சீழ் கட்டியாகும். மஞ்சட்கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றறைக்குள் விழுந்து அழற்சி உண்டாகும். ஆங்கில வைத்தியர்கள் எக் பெரிடோனைட்டிஸ் என்று சொல்வது இதைத்தான். சிவப்பி செத்தது அதில்தான்.

பிறகு புற்றுநோய். பெண்களுக்கு வரும் சூலகப் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் பல காலமாக முட்டைக் கோழிகளைப் பயன்படுத்துகிறார்கள். காரணம், யாரும் உண்டாக்காமலே, தானாகவே அந்தப் புற்றுநோய் அதிகமாக வரும் விலங்கு அவள். இடைவெளி இல்லாமல் முட்டை வெளிவருவதும் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. இதை வாசித்த அன்று நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

நான் செய்த பிழை

கோழிக்கு முட்டை இடச் சொல்வது பகலின் நீளம். வெளிச்சம் 14 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் மூளை "இது வசந்தகாலம், முட்டை போடு" என்று உத்தரவு கொடுக்கும். பண்ணைக் கொட்டகைகளில் நாளுக்கு 16 மணித்தியாலம் வரை லைட் எரிவது அதற்காகத்தான். லண்டனில் டிசம்பர் மாதம் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. அதாவது இந்த நாட்டுக் குளிர்காலம் கோழிக்குச் செலவில்லாமல் ஓய்வு கொடுக்கிறது.

அந்த ஓய்வை நான் பறித்தேன். நவம்பரில் முட்டை குறைந்ததும் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, கூட்டுக்குள் ஒரு எல்இடி லைட்டை டைமரோடு மாட்டினேன். காலை நாலு மணிக்கே எரியும். இரண்டு கிழமையில் முட்டை திரும்பி வந்தது. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பெப்ரவரி கடைசியில் சிவப்பி கொண்டை வெளிறி, வால் தாழ்ந்து, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நடக்கத் தொடங்கினாள். வயிறு தொங்கியது. "நிறையச் சாப்பிடுறாள் போல" என்று நினைத்தேன். கொண்டுபோனபோது வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கான் செய்து, உள்ளே நீரும் மஞ்சட்கருவும் நிரம்பியிருப்பதாகச் சொன்னார். பிந்திவிட்டது, வேதனையில்லாமல் அனுப்பிவைப்போம் என்றார். ஒரு இரவு பார்ப்போமே என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விடிய முதல் போய்விட்டாள். அந்த இரவையும் அவளுக்கு நான் கொடுத்திருக்கத் தேவையில்லை.

லைட்தான் காரணமா என்று வைத்தியரிடம் கேட்டேன். "அது இல்லாமலும் வந்திருக்கலாம்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம், என்னை ஆறுதல்படுத்தவும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓய்வு வேண்டிய ஒருத்தியை நான் காலை நாலு மணிக்கு எழுப்பி வேலைக்கு அனுப்பினேன் என்பது மாறாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலையும் கடையில் பகல் வேலையும் செய்தவன் நான். ஓய்வில்லாத உடம்பு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விசயமில்லை.

செய்யக்கூடியவை

வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் பார்ப்பது சுகம். மிஞ்சிய மூன்று கோழிகளோடு நான் படித்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் இருட்டு. கூட்டுக்குள் லைட் வேண்டாம். வெளியே உள்ள செக்கியூரிட்டி லைட்டும் குசினி வெளிச்சமும் கூட்டுக்குள் விழாமல் பாருங்கள். குளிர்காலத்தில் முட்டை நின்று, இறகு கொட்டினால் பயப்பட வேண்டாம். அது வருத்தம் இல்லை, அவளுடைய விடுமுறை. பண்ணையிலிருந்து புதிதாக வந்தவள் முதல் குளிர்காலத்திலும் விடாமல் இடக்கூடும். ஆனாலும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தீன். நம் கைக்குச் சோறு மிஞ்சினால் கோழிக்குப் போடத் துடிக்கும். இங்கே ஒரு சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. பிரித்தானியாவில் வீட்டுக் குசினியில் மிஞ்சியதைக் கோழிக்குப் போடுவது சட்டவிரோதம். வளர்ப்புக் கோழியானாலும் அதே சட்டம்தான். முழு வீகன் குசினிக்கு மட்டும் விலக்கு. மரக்கறிதானே என்று நினைத்தாலும், பாலும் இறைச்சியும் புழங்கும் குசினியால் வெளியே வந்த சோறு கூடாது. சட்டத்தை விடுங்கள், சோறும் பாணும் சூரியகாந்தி விதையும் கொழுப்பு வைக்கும். கொழுத்த கோழிக்கு முட்டை சிக்குவதும் குழாய் வெளியே தள்ளுவதும் அதிகம். நாளாந்தத் தீனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறு எதுவும் வேண்டாம். வளவில் விளைந்த கீரை, கோவா இலை போதும்.

மூன்றாவது கல்சியம். முட்டை இடுகிறவளுக்கு முட்டைக் கோழித்தீனும், அதோடு தனிப் பாத்திரத்தில் உடைத்த சிப்பியும் வையுங்கள். தேவைப்பட்டவள் தானே எடுப்பாள். ஒரு எச்சரிக்கை: கல்சியத்தைக் குறைத்தால் முட்டை நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்க வேண்டாம். முட்டை உடனே நிற்காது, எலும்புதான் கரையும். பட்டினி போட்டு நிறுத்துவதும் அப்படித்தான். பண்ணைகளில்கூட தீனையும் தண்ணீரையும் நிறுத்தி இறகு கொட்ட வைக்கக் கூடாது என்று இங்குள்ள அரச வழிகாட்டி சொல்கிறது. மாறாக, முழுக்க முட்டை நிறுத்தியவளுக்குக் கல்சியம் கூடிய தீன் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகும். அவளுக்குச் சாதாரணப் பராமரிப்புத் தீன் கொடுத்து, சிப்பியைத் தனியாக வைத்துவிடலாம்.

நான்காவது கண். கிழமைக்கு ஒருமுறை கையில் தூக்குங்கள். நிறை பாருங்கள். வால் பக்கத்துக்கும் காலுக்கும் நடுவில் வயிற்றைத் தடவினால் மென்மையாக இருக்க வேண்டும். வீங்கி, தண்ணீர் பை போல இருந்தால் அன்றே வைத்தியர். தோல் முட்டை, ஓடில்லாத முட்டை தொடர்ந்து வருவது, முக்கிக்கொண்டு நிற்பது, பின்பக்கம் அழுக்காக இருப்பது, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்பது, இவையெல்லாம் முன்னறிவிப்பு. கோழி வருத்தத்தை மறைக்கும். நமக்குத் தெரியும்போது பாதி நாள் போயிருக்கும்.

ஐந்தாவதுதான் நம்மவர் யாரும் சொல்லிக் கேள்விப்படாதது. முட்டையை நிறுத்த ஒரு மருந்து இருக்கிறது. டெஸ்லோரலின் என்ற ஹோர்மோன் மருந்து. சுப்ரலோரின் என்ற பெயரில் வரும், அரிசி அளவுக் குச்சி. ஆண் நாய்களுக்காகச் செய்தது. வைத்தியர் அதைத் தோலுக்கடியில் வைப்பார். முட்டை போடச் சொல்லும் மூளையின் உத்தரவை அது அடக்கிவிடும். பொதுவாக இரண்டு கிழமையளவில் முட்டை நிற்கும். சிறிய 4.7 மில்லிகிராம் குச்சி ஏறக்குறைய ஆறு மாதம் வேலை செய்யும். சிலருக்குக் குறைவு, சிலருக்குக் கூட. இறகு கொட்டிப் புதிதாக வரும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. கோழிக்கென்று அனுமதி பெற்ற மருந்து இல்லை என்பதால் எல்லா வைத்தியரும் போடமாட்டார்கள். அமெரிக்காவில் அது ஃபெரெட் என்ற விலங்குக்கு மட்டுமே. கோழிக்குப் போட அங்கு இடமில்லை. போட்டால் அவள் முட்டையும் இறைச்சியும் உணவுக்கு ஆகாது. பறவைகளைப் பார்க்கும் வைத்தியர் ஒருவரைத் தேடிக் கேட்க வேண்டும். ஏற்கனவே வந்த புற்றுநோயை அது மாற்றாது. அதனால் கேட்பதென்றால் நேரத்தோடு கேட்க வேண்டும்.

மொட்டச்சி தொடர்ந்து தோல் முட்டை இட்டபோது அவளுக்குப் போட்டோம். நூறு பவுண்ட்ஸுக்கு மேல் முடிந்தது. இன்று வரை இருக்கிறாள். அதே மருந்து போட்ட இன்னொருத்தி போன வருடம் கட்டி வந்து இறந்துவிட்டாள். அதையும் சொல்ல வேண்டும். இந்த மருந்து நேரம் வாங்கித் தரும். அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை.

கேட்கப்படும் கேள்விகள்

"கோழிக்குப் போய் ஹோர்மோன் மருந்தோ, இயற்கைக்கு மாறு" என்றார் கோயிலில் ஒரு அண்ணர். வருடத்துக்குப் பன்னிரண்டு முட்டை இயற்கை. முந்நூறு முட்டைதான் இயற்கைக்கு மாறு. மாற்றியது மனிதன். திருப்பிக் கொஞ்சம் சரிசெய்வதில் என்ன பிழை?

"ஊரில சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படேக்க கோழிக்கு நூறு பவுண்ட்ஸோ?" என்றார் என் மச்சாள். இந்தக் கேள்வி எனக்குச் சுடும். பதில் சொல்லவும் வேண்டும். ஊருக்கு அனுப்புகிற காசை நான் குறைக்கவில்லை. கோழி வளர்க்கத்தான் வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்தச் செலவுக்கு மனமில்லாவிட்டால் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டு, முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, வருத்தம் வந்ததும் "கோழிதானே" என்று சொல்வதுதான் பிழை. இலவச முட்டை என்று ஒன்று இல்லை. அதன் விலையை அவள் உடம்பு கொடுக்கிறது.

"ஊரில இப்படியெல்லாம் பார்த்தமோ?" என்பது மூன்றாவது. இல்லை. ஊர் ஒன்றும் கோழிக்குச் சொர்க்கமில்லை. அடையைக் கலைக்கத் தண்ணீரில் முக்கினார்கள், மூக்கில் இறகு குத்தினார்கள், கடைசியில் கறிச்சட்டிதான். ஆனால் அங்கே அவளுக்கு அடை என்ற ஒன்று இருந்தது. கலைக்கக்கூடிய அளவுக்காவது ஓய்வு இருந்தது. இங்குள்ளவளுக்கு அதைக்கூட நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

கோழிகளைக் கொடுக்கும் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள். கூடு எவ்வளவு பெரிது, நரி வராமல் என்ன செய்வது என்றெல்லாம் சொல்கிறீர்கள். முட்டை உறுப்பு வருத்தங்கள் பற்றியும், பக்கத்தில் பறவை பார்க்கும் வைத்தியர் யார் என்பது பற்றியும் கொடுக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருந்துக் கொம்பனிகளுக்கும் மிருக வைத்தியச் சங்கங்களுக்கும்: வீட்டில் வளர்க்கும் கோழி செல்லப்பிராணியாகிக் கனகாலம். அவளுக்கென்று அனுமதி பெற்ற மருந்து ஒன்றுக்கு வழி பாருங்கள். அரசு மட்டும் ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய் என்று 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வைத்திருக்கிறது. பதிவில் இடம் இருக்கிறவளுக்கு வைத்தியத்திலும் இடம் இருக்க வேண்டும்.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்களில் பலர் வீகன் ஆகிவிட்டீர்கள். அப்பா அம்மாவோடு முட்டைக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். அந்தச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை, நான் இன்னும் முட்டை சாப்பிடுகிறவன். ஆனால் கோழியை மீட்க வேண்டும் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போவீர்கள் என்றால், இருட்டு, தீன், சிப்பி, வைத்தியர் என்ற நாலையும் முதலே பேசிவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டு லைட்டை அந்த மார்ச்சிலேயே கழற்றிவிட்டேன். இப்போது குளிர்காலத்தில் நாலரை மணிக்கே கூடு இருட்டிவிடும். மொட்டச்சி ஏறிப் படுத்துவிடுவாள். கழுத்தில் இறகு வந்து கனநாள், பெயர் மட்டும் மாறவில்லை. அவள் முட்டை போட்டு எட்டு மாதமாகிறது. கடையில் முட்டை வாங்கிக்கொண்டு வரும்போது அம்மா கேட்பார், "அவளுக்குத் தீன் போட்டியோ?" என்று. முட்டை இட்டாளா என்று இப்போது அவர் கேட்பதில்லை.